ஆபீஸில் கழித்த ஆர்710 சர்வர் வீட்டு ஸ்டோரேஜுக்கு ஆகுமா?

2024 நவம்பர் 9 – கேள்வி

எங்க ஆபீஸில் டெல் பவர்எட்ஜ் ஆர்710 ஒன்றைக் கழிச்சுக் கட்டினாங்க. ஸ்கிராப் விலைக்கு நான் எடுத்துட்டேங்க. இரண்டு ஸியான் எக்ஸ்5650, 64 ஜிபி ரேம், பெர்க் 6/ஐ ரெய்டு கார்டு (பல டிஸ்க்கை ஒண்ணாச் சேர்த்துக் காட்டுறது), முன்னால 3.5 அங்குல டிஸ்க் ஆறு போடலாம். புதுசா 4 டிபி டிஸ்க் ஒன்று வாங்கிப் போட்டேன், 2 டிபிதான் காட்டுது. டிஸ்க் டூப்ளிகேட்டுங்களா? வீட்டு போட்டோ, கல்யாண வீடியோ, அப்பா ஸ்கேன் பண்ணி வச்ச பத்திரம் எல்லாம் ஒரே இடத்தில், 24 மணி நேரமும் கிடைக்கிற மாதிரி வைக்கணும். இந்த மெஷின் போதுங்களா, இல்லை தனியா வேற வாங்கணுமா?

2024 நவம்பர் 9, இரவு

டிஸ்க் ஒரிஜினல்தான் தம்பி. கார்டுதான் பழசு. பெர்க் 6/ஐக்கு 2 டிபிக்கு மேல் கண் தெரியாது. டிஸ்க் செக்டர் என்ற சின்னக் கட்டங்களாகப் பிரிந்திருக்கும்; அந்தத் தலைமுறைக் கார்டுகள் செக்டர் எண்ணை 32 பிட்டில் வைத்திருந்தன. 512 பைட் செக்டரோடு பெருக்கிப் பாருங்கள், 2.2 டிபியில் நின்றுவிடும். 2009இல் இந்த சர்வர் வந்தபோது 2 டிபி டிஸ்க்கே கடைக்குப் புதுசு. ஃபர்ம்வேர் (கார்டுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) ஏற்றிச் சரிசெய்யலாமா என்று தேடி நேரத்தைக் கரைக்க வேண்டாம்.

கார்டைக் கழற்றிவிட்டு டெல்லின் எச்200 கார்டு போடுங்கள். எல்எஸ்ஐ 9211-8ஐ கிடைத்தாலும் சரி, இரண்டிலும் ஒரே சிப்தான், எஸ்ஏஎஸ்2008. அதில் ஐடி மோட் ஃபர்ம்வேரை ஏற்றிவிட்டால் ரெய்டு வேஷம் எதுவும் கட்டாமல் டிஸ்க்கை டிஸ்க்காகவே கொடுக்கும். டெல்லின் எச்700 கார்டைக் காட்டி "இதுவும் பெரிய டிஸ்க் எடுக்கும் சார்" என்பார்கள். எடுக்கும்தான், ஆனால் அது ரெய்டு கார்டு. நமக்கு வேண்டாம். கேபிளின் முனையும் மாறும், கார்டு வாங்கும் இடத்திலேயே கேபிளையும் சேர்த்துக் கேளுங்கள்.

24 மணி நேரமும் ஓடலாமா என்ற கேள்விக்கு அப்புறம் வருகிறேன். அது பெரிய கதை.

2024 நவம்பர் 10

விட்டுப்போன ஒன்று. எச்200ஐ எல்எஸ்ஐ ஃபர்ம்வேருக்கு மாற்றிய பிறகு, பழைய பெர்க் இருந்த இடத்திலேயே செருகாதீர்கள். ஆர்710இல் அது ஸ்டோரேஜ் கார்டுக்கென்றே ஒதுக்கிய ஸ்லாட். டெல் கார்டு என்ற அடையாளம் இல்லாத எதையும் அது ஏற்காது. "தவறான கார்டு" என்று திரையில் போட்டுவிட்டு பூட் ஆகாமல் நின்றுவிடும். கார்டு செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டவர்கள் உண்டு. பக்கத்து ரைசரில் (கார்டு செருகும் துணைப் பலகை) சாதாரண பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் செருகினால் வாய் திறக்காமல் ஓடும்.

இன்னொன்று, சின்ன விஷயம். டேட்டா சென்டரிலிருந்து வரும் சர்வர்களோடு வரும் பவர் கேபிள் பாதி நேரம் நம் சுவர் சாக்கெட்டில் நுழையாது. இரண்டு முனையும் ரேக்குக்கானவை. வீட்டு டெஸ்க்டாப்புக்குப் போடும் மூன்று பின் கேபிள் எடுத்துக்கொள்ளுங்கள், அதே துளைதான்.

2024 நவம்பர் 12

மேலே ஒருவர் கேட்டிருக்கிறார்: 2 டிபி டிஸ்க்காகவே வாங்கி, பெர்க் 6/ஐயிலேயே ஒவ்வொன்றையும் தனித்தனி ரெய்டு 0 (ஒற்றை டிஸ்க் ரெய்டு) ஆக்கி, அதன்மேல் இசட்எஃப்எஸ் (டிஸ்க்குகளைத் தானே சேர்த்து நிர்வகிக்கும் கோப்பு முறை) போடலாமே என்று.

போடலாம். ஓடும். ஆனால் டிஸ்க்கின் உடல்நிலை விவரம் ஒழுங்காக மேலே வராது. கார்டு போனால் டிஸ்க்குகளைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டிப் படிக்க முடியாமல் அதே மாதிரிக் கார்டைத் தேடி அலைய வேண்டும். வேண்டாம் சார்.

2024 நவம்பர் 17

இப்போது கரண்ட். என்னிடம் இருப்பதும் ஆர்710தான், கிட்டத்தட்ட இதே உள்ளடக்கம். சாக்கெட்டுக்கும் சர்வருக்கும் நடுவே வாட் மீட்டர் வைத்துப் பார்த்தேன். ஒரு வேலையும் செய்யாமல் சும்மா இருக்கும்போதே 150க்குக் கீழே இறங்கவில்லை. கணக்கு எளிது. 150 வாட், 24 மணி நேரம், 60 நாள்: 216 யூனிட்.

தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு ரீடிங். 2024 கட்டணத்தில் முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் 500ஐத் தாண்டிவிட்டால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, 101இலிருந்து 200 வரை இருந்த மலிவு விலையும் போய்விடுகிறது. உங்கள் வீடு இப்போது 380 ஓடுகிறது என்று வையுங்கள். சர்வர் வந்தால் 596. எப்போதோ ஏசி போடும் வீட்டை எப்போதும் ஏசி ஓடும் வீட்டுக் கணக்கில் கொண்டுபோய் நிறுத்திவிடும். ஸ்கிராப் விலையில் மிச்சம் பிடித்ததெல்லாம் இரண்டு ரீடிங்கில் போய்விடும்.

ஒரு சிபியூவைக் கழற்றலாம், இரண்டு பவர் சப்ளையில் ஒன்றை வெளியே எடுக்கலாம். குறையும், நிச்சயமாகக் குறையும். சிபியூ ஒன்று போனால் 18 ரேம் ஸ்லாட்டில் பாதி செத்துவிடும். வீட்டு ஸ்டோரேஜுக்கு அதனால் நஷ்டமில்லை. அப்படியும் மூன்று இலக்கத்துக்குக் கீழே கொண்டுவருவது கஷ்டம்.

2024 நவம்பர் 18

"கரண்ட் பில் அப்பா கட்டுகிறார், எனக்கென்ன" என்று ஒரு பதில் பார்த்தேன். தம்பி, பில் வந்த அன்று சாயங்காலம் பிளக்கைப் பிடுங்கப்போவதும் அப்பாதான். அதுவும் டிஸ்க்கில் தரவு எழுதிக்கொண்டிருக்கும்போது.

2024 நவம்பர் 24

சத்தம். 2யூ (ரேக்கில் இரண்டு அடுக்கு உயரம்) சர்வர்களில் ஆர்710 சாது என்று பெயர். பூட் ஆகும்போது ஐந்து விசிறியும் முழு வேகத்தில் ஊளையிடும், பிறகு அடங்கும். அடங்கியது என்றால் சர்வர் ரூம் கணக்கில் அடங்கியது. ஹாலில் வைத்தால் டிவி சத்தத்தைக் கூட்டுவீர்கள். ஆழம் கிட்டத்தட்ட 68 சென்டிமீட்டர், டிஸ்க் நிரப்பினால் 25 கிலோவைத் தொடும். ஷெல்ஃபில் நிற்காது, பரணில் ஏற்றினால் இறக்க இரண்டு ஆள் வேண்டும். மாடிப்படிக்குக் கீழே இடமிருந்தால் நல்லது.

வைக்கும் முன் சர்வரின் பின்பக்க ஸ்லாட் மூடி எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். கழித்துக் கட்டிய சர்வர்களில் முதலில் காணாமல் போவது அந்தத் தகடுதான். அந்த ஓட்டை வழியாகக் காற்றோட்டமும் கெடும், பல்லியும் குடிவரும். என் மெஷினில் ரைசருக்கும் ரேமுக்கும் நடுவே முட்டை இரண்டு இருந்தன. பொங்கல் பரிசு மாதிரி.

2024 டிசம்பர் 1

டிஸ்க். இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும், ஏனென்றால் செலவில் பெரும்பகுதி இதுதான்.

சென்னை ரிச்சி தெருவில் போய் "4 டிபி" என்றால் முதலில் மேசைக்கு வருவது சிசிடிவி டிஸ்க். ஸ்கைஹாக், பர்ப்பிள் வகை. இவை ஸ்டோரேஜுக்கு ஆகாது, எழுதும்போது வரும் பிழையைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும் என்று ஒரு பயம் ரொம்ப நாளாகச் சுற்றுகிறது. அந்தச் சலுகை டிவிஆர் (கேமரா பதிவுப் பெட்டி) தனிக் கட்டளை அனுப்பினால்தான். சாதாரணமாகப் படித்து எழுதினால் அவை சாதாரண டிஸ்க்தான். நான் போட்டிருக்கிறேன்.

பயப்பட வேண்டியது எஸ்எம்ஆர் வகைக்கு. தடங்களை ஓட்டு வேய்வது போல ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறியிருக்கும்படி எழுதும் முறை. அதனால் நடுவில் ஒன்றை மாற்ற வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பதையும் திரும்ப எழுத வேண்டும். போட்டோ கொட்டி வைக்கும்வரை தெரியாது. ஒரு டிஸ்க் போய், புதிதை மாட்டி மறுகட்டமைப்பு ஓடும்போது மணிக்கணக்கு நாள் கணக்காகும், சில சமயம் டிஸ்க்கே பதில் சொல்லாமல் உதிர்ந்துவிடும். 2020இல் டபிள்யூடி ரெட் 2 முதல் 6 டிபி மாடல்களில் சொல்லாமல் இந்த முறையைப் புகுத்தியது வெளியே வந்து பெரிய சண்டையானது. அதன்பிறகுதான் ரெட் பிளஸ் என்று தனிப் பெயர் வந்தது. லேபிளில் மாடல் எண்ணின் முடிவைப் பாருங்கள்: இஎஃப்ஆர்எக்ஸ் என்றால் பழைய நல்ல முறை, அந்த 2–6 டிபி அளவுகளில் இஎஃப்ஏஎக்ஸ் என்றால் எஸ்எம்ஆர். சீகேட் பாராகுடா 4 டிபியில் டிஎம்004 என்று முடிந்தால் அதுவும் எஸ்எம்ஆர்தான்.

சர்வரோடு இலவசமாக எஸ்ஏஎஸ் (சர்வருக்கான இணைப்பு வகை) டிஸ்க் வந்திருந்தால், "டிஸ்க் தெரிகிறது, ஃபார்மேட் ஆகவில்லை" என்ற புகார் வரும். பெரிய ஸ்டோரேஜ் பெட்டிகளிலிருந்து வந்தவை 520 பைட் செக்டரில் இருக்கும். லினக்ஸின் எஸ்ஜி ஃபார்மேட் கட்டளையில் 512 என்று கொடுத்து ஒரு தடவை முழுசாக ஓட விட்டால் சரியாகும். மணிக்கணக்கில் ஓடும், நடுவில் கரண்ட் போகக் கூடாது.

2024 டிசம்பர் 15

மென்பொருள் பற்றிச் சண்டை வேண்டாம். மெஷினை ஸ்டோரேஜ் பெட்டியாக்கும் ட்ரூநாஸ், ஓப்பன்மீடியாவால்ட் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். ஃப்ரீநாஸ் என்ற அந்த வேர் 2005இல் ஆரம்பித்தது. அதில் வேலை செய்தவர்தான் பிறகு டெபியன் லினக்ஸ்மேல் ஓப்பன்மீடியாவால்ட்டைக் கட்டினார். ஃப்ரீநாஸ் வளர்ந்து ட்ரூநாஸ் ஆனது. ரேம் 64 ஜிபி, அதுவும் இசிசி (பிழையைத் தானே திருத்தும் வகை) என்பதால் இந்த மெஷினுக்கு ட்ரூநாஸ் பொருந்தும். "ஒரு டிபிக்கு ஒரு ஜிபி ரேம்" என்று பயமுறுத்துவதை நம்ப வேண்டாம், டீடூப் (ஒரே தரவு திரும்ப வந்தால் ஒருமுறை மட்டும் சேமிப்பது) போட்டால்தான் அந்தப் பசி. டீடூப் போடாதீர்கள்.

ஆறு 4 டிபி டிஸ்க் போட்டு இசட்எஃப்எஸ்ஸின் ரெய்டு இசட்2 கட்டினால் இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும், கையில் 16 டிபி. முதலிலேயே ஆறையும் வாங்கிவிடுங்கள், பிறகு ஒவ்வொன்றாகச் சேர்க்க முடியாது.

2024 டிசம்பர் 16

நேற்றைய கடைசி வரி ஏற்கெனவே பழசாகிவிட்டது என்று ஒருவர் தகவல் கொடுத்திருக்கிறார், சரிதான். அக்டோபரில் வந்த ட்ரூநாஸ் ஸ்கேல் 24.10இல் ரெய்டு இசட்டில் ஒற்றை டிஸ்க் சேர்க்கும் வசதி வந்துவிட்டது. நான்கில் ஆரம்பித்து ஐந்தாவது, ஆறாவது என்று போகலாம். பழைய தரவு பழைய விகிதத்திலேயே கிடக்கும், திரும்ப எழுதினால்தான் முழு இடமும் கிடைக்கும். ஆனாலும் பட்ஜெட் போடுகிறவனுக்கு இது பெரிய விஷயம்.

இசட்1ஐ (ஒரு டிஸ்க் போனால் மட்டும் தாங்குவது) இசட்2 ஆக மாற்ற இன்னும் வழியில்லை. எத்தனை டிஸ்க்கில் ஆரம்பித்தாலும் இசட்2ஆகவே ஆரம்பியுங்கள்.

2024 டிசம்பர் 29

நவம்பரில் தள்ளிப்போட்ட கேள்விக்கு வருகிறேன். 24 மணி நேரமும் இந்த சர்வரை ஓட்டலாமா?

கூடாது என்பதுதான் என் பதில். அதற்காக எடைக்குப் போடவும் வேண்டாம். நாள் முழுக்க விழித்திருக்க ஒரு சின்னப் பெட்டி போதும்: பழைய ஆபீஸ் மினி டவர், இரண்டு டிஸ்க், மிரர் (ஒன்றில் இருப்பதே மற்றதிலும்). 30 வாட் என்றால் இரண்டு மாதத்துக்கு 43 யூனிட். போட்டோ பார்க்கவும் பத்திரம் எடுக்கவும் இதற்குமேல் எதுவும் தேவையில்லை. ஆர்710ஐ இரண்டாவது பிரதிக்கு வையுங்கள். வாரத்தில் ஒருநாள் ராத்திரி எழுந்து, சின்னப் பெட்டியின் ஸ்னாப்ஷாட்டை (அந்த நேரத்து நிலையின் பதிவு) இழுத்துக்கொண்டு, அணைந்துவிட வேண்டும். 150 வாட் வாரத்துக்கு நான்கு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு ஐந்து யூனிட் சொச்சம்தான்.

யோசித்துப் பாருங்கள், இந்த வேலைக்குத் தேவையானதெல்லாம் பழைய சர்வரில் உண்டு. டிஸ்க் இடம் ஆறு, இசிசி ரேம், தாங்கும் பவர் சப்ளை. இடைஞ்சலான சத்தமும் கரண்டும் அணைந்திருக்கும்போது இல்லை. ரெய்டு இருக்கிறதே, பேக்கப் எதற்கு என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில். தவறுதலாக அழித்த ஃபோல்டரை ரெய்டு ஆறு டிஸ்க்கிலும் சேர்த்தே அழிக்கும்.

இழுக்கும் வேலை ஆர்710 பக்கம் இருக்கட்டும். சின்னப் பெட்டியிடம் ஆர்710க்கான பாஸ்வேர்டு, சாவி எதுவும் இருக்கக் கூடாது. அதில் வைரஸ் புகுந்தாலும் இங்கே வர வழி இருக்காது.

2025 ஜனவரி 5

ஐபிஎம்ஐ (சர்வரை நெட்வொர்க் வழியாக நிர்வகிக்கும் முறை) கட்டளையால் தூரத்திலிருந்தே ஆன் செய்யலாமே என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். சர்வருக்குள் ஐடிராக் 6 என்ற நிர்வாகப் பகுதி அதற்குத்தான் இருக்கிறது, வேலையும் செய்யும். எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. பிறகு மீட்டரைப் பார்த்தேன்: சர்வர் அணைந்திருக்கும்போதே, பிளக் மட்டும் போட்டிருந்தால், 15 வாட் பக்கம் குடித்துக்கொண்டிருக்கிறது. ஐடிராக்கும் பவர் சப்ளையும் தூங்குவதே இல்லை. இரண்டு மாதத்துக்கு 21 யூனிட் சொச்சம்; வேலை செய்ய ஐந்து, சும்மா கிடக்க இருபத்தொன்று. நம் ஊர்க் கல்யாண மண்டப வாடகை இப்படித்தான்.

அதனால் சுவரிலேயே அணையுங்கள். பயாஸில் ஏசி பவர் ரிகவரி என்று இருக்கும், அதை "ஆன்" ஆக்கிவிட்டால் கரண்ட் வந்ததும் தானாக எழும். ஸ்மார்ட் பிளக்கில் நேரம் குறித்து விடுங்கள். வேலை முடிந்ததும் ஸ்கிரிப்ட் சர்வரை முறையாக ஷட்டவுன் செய்யட்டும், பிளக் அதற்கு ரொம்ப நேரம் கழித்து அணையட்டும். மாதம் ஒருமுறை ஸ்க்ரப் (டிஸ்க்கில் உள்ளதை எல்லாம் படித்துச் சரிபார்ப்பது) ஓட்டும் அன்று பிளக்கின் நேரக் கணக்கைக் கையால் நிறுத்திவையுங்கள். தரவு கூடக் கூட ஸ்க்ரப் நேரமும் கூடும். கரண்ட் போய் வந்தால் அணைந்தே இருக்கும்படி பிளக்கில் ஒரு அமைப்பு உண்டு, அதையும் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு பவர்கட்டுக்கும் எழுந்து ஊளையிடும்.

2025 ஜனவரி 19

ஓப்பன்இசட்எஃப்எஸ் 2.3 இந்த மாதம் வெளியாகிவிட்டது. டிஸ்க் சேர்க்கும் வசதி இப்போது எல்லோருக்கும். அதில் யாரும் பேசாத இன்னொன்று எனக்குப் பிடித்தது: கோப்புப் பெயர் 1023 பைட் வரை போகலாம்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். லினக்ஸில் வழக்கமான எல்லை 255 பைட். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழுக்கு ஒவ்வொரு குறிக்கும் மூன்று. ஆக 85 குறிதான், அதிலும் புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறி. விண்டோஸில் 255 குறி வரை விடும். மாமா வாட்ஸ்அப்பில் வந்த பிடிஎஃப்பைத் தலைப்பு முழுசையும் பெயராக வைத்துச் சேமித்திருப்பார். "திருமணப் பத்திரிகை"யில் ஆரம்பித்து மண்டபத்துக்குப் போகும் பஸ் நம்பர் வரை. காப்பி செய்யும்போது அது மட்டும் நிற்கும், ஏன் என்று ஒருவருக்கும் புரியாது.

பழைய மேக்கிலிருந்து எடுப்பவர்களுக்கு வேறு வம்பு. 'ொ' என்பதை ஒரே குறியாகவும் வைக்கலாம், 'ெ', 'ா' என்று உடைத்தும் வைக்கலாம். மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் எப்போதும் உடைத்தே வைக்கும், விண்டோஸ் அடித்தது அடித்தபடி வைக்கும். இரண்டையும் ஒரே இடத்தில் கொட்டினால் "கொலு 2011" என்று இரண்டு ஃபோல்டர், கண்ணுக்கு ஒன்றே போல, உள்ளே வேறு வேறு படங்கள். இசட்எஃப்எஸ்ஸில் நார்மலைசேஷன் என்ற பண்பு இதைத் தீர்க்கும், ஆனால் டேட்டாசெட் (இசட்எஃப்எஸ்ஸில் பிரிக்கும் தனிப் பகுதி) உருவாக்கும்போதே போட வேண்டும், பிறகு மாற்ற முடியாது. காப்பி தொடங்கும் முன் படித்தால் பிழைத்தீர்கள்.

2025 பிப்ரவரி 9

செகண்ட் ஹேண்ட் டிஸ்க் வாங்குபவர்கள் கவனிக்க. ஓடிய மணி நேரத்தைப் பூஜ்ஜியமாக்கி, புதிது என்று விற்ற சீகேட் எக்ஸோஸ் டிஸ்க்குகள் பற்றிப் போன மாதம் ஜெர்மனியிலிருந்து செய்தி வந்தது. ஸ்மார்ட் (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிவது) கணக்கை அழித்தாலும் அந்த டிஸ்க்குகளில் ஃபார்ம் என்ற இன்னொரு பதிவேடு உள்ளே இருக்கிறது, அதில் உண்மையான மணி நேரம் தெரிந்துவிட்டது. ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற மென்பொருளின் 7.4இலிருந்து அதைப் படிக்கலாம். இரண்டு எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் டிஸ்க்கைத் திருப்பிக் கொடுங்கள்.

கடையில் நின்றுகொண்டே பார்க்க லேப்டாப்பும் யுஎஸ்பி டாக்கும் எடுத்துப்போனேன். "நம்பிக்கை இல்லையா சார்?" என்றார் கடைக்காரர். டிஸ்க்மேல் இல்லை என்றேன். சிரித்துவிட்டு டீ சொன்னார்.

2025 பிப்ரவரி 23

வெளியூரிலிருந்து பார்க்க ரவுட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் வழி) திறந்துவிடுங்கள் என்று மேலே யாரோ சொல்லியிருப்பதைப் பின்பற்ற வேண்டாம். 2021 ஜூனில் டபிள்யூடியின் மை புக் லைவ் ஸ்டோரேஜ் பெட்டிகள் இணையம் வழியாக மொத்தமாகத் துடைக்கப்பட்டன. 2022 ஜனவரியில் கியூநாப் ஸ்டோரேஜ் பெட்டிகளை டெட்போல்ட் என்ற பணம் பறிக்கும் மென்பொருள் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இரண்டிலும் மாட்டியவை இணையத்துக்கு நேராக முகம் காட்டிக்கொண்டிருந்த பெட்டிகள். நம் ஊரில் பாதி இணைப்புகளுக்குப் பொது ஐபியே கிடையாது, போர்ட் திறந்தாலும் பயனில்லை. அது ஒருவகையில் பாதுகாப்பு. வயர்கார்டு அல்லது டெயில்ஸ்கேல் (இரண்டும் விபிஎன் வகை) போடுங்கள், அதுவும் சின்னப் பெட்டியில் மட்டும்.

விண்டோஸ் 11இன் 24எச்2 அப்டேட்டுக்குப் பிறகு பாஸ்வேர்டு இல்லாத ஷேர் (நெட்வொர்க்கில் பகிர்ந்த ஃபோல்டர்) திறக்கவில்லை என்பவர்களுக்கு: கோளாறு இல்லை, கெஸ்ட் நுழைவை அடைத்துவிட்டார்கள். ஆளுக்கொரு பயனர் உருவாக்கிக் கொடுங்கள்.

2025 மார்ச் 16

கேள்வி கேட்ட தம்பி எழுதியிருக்கிறார். எச்200 வந்துவிட்டதாம், 4 டிபி முழுசும் தெரிகிறதாம். ரைசரில்தான் போட்டாராம். வீட்டு இன்வெர்ட்டரில் சர்வரைக் கோக்கலாமா என்கிறார்.

சைன் வேவ் இன்வெர்ட்டர் என்றால் கோக்கலாம், ஸ்கொயர் வேவ் என்றால் வேண்டாம். பின்பக்கம் யுபிஎஸ் மோட் என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அதைப் போடுங்கள். சாதாரண மோடில் மாறும் நேரம் ஃபேனுக்குப் போதும், கம்ப்யூட்டருக்கு நீளம். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி தீரப்போவதை சர்வரிடம் சொல்லாது. நான் செய்திருப்பது இது: இன்வெர்ட்டர் இல்லாத ஈபி லைனில் ஒரு பழைய வைஃபை ரவுட்டரை மாட்டி லான் கேபிளால் கோத்திருக்கிறேன். சின்னப் பெட்டி நிமிஷத்துக்கு ஒருமுறை அதற்கு பிங் அனுப்பும். ஐந்து நிமிஷம் பதில் வராவிட்டால் கரண்ட் இல்லை என்று எடுத்துக்கொண்டு தானே அணையும். நடுவில் இருக்கும் நெட்வொர்க் சுவிட்ச் இன்வெர்ட்டரில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அரை நொடி கரண்ட் போய் வந்தாலும் குழம்பும்.

2025 மார்ச் 17

கழற்றிய இரண்டாவது எக்ஸ்5650ஐ விற்கலாமா என்று கேட்டதற்கு: எவரும் வாங்க மாட்டார்கள், உதிரியாக வைத்துக்கொள்ளுங்கள். சாக்கெட்டைத் திறந்தபடி விடாதீர்கள், மூடியைப் போடுங்கள். இதில் ஏவிஎக்ஸ் (புதிய சிபியூக்களில் உள்ள கட்டளைத் தொகுதி) கிடையாது, அதனால் மோங்கோடிபி 5 டேட்டாபேஸ் தேவைப்படும் எதையும் இந்த மெஷினில் நிறுவ முயற்சிக்க வேண்டாம். ஸ்டோரேஜுக்கு அது தேவையே இல்லை.